ஜூனிபர் வரிசை

எங்கள் ஊருக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் என் நாற்றுப் பண்ணைக்கு வந்தால் முதலில் பூவைப் பற்றித்தான் கேட்பார்கள். எந்த மாதம் பூக்கும், என்ன நிறம், வாசனை உண்டா. நான் காற்றைப் பற்றிக் கேட்பேன். வீடு எந்தத் திசை பார்த்திருக்கிறது, சமையலறைக் கதவு எந்தப் பக்கம், ஜனவரியில் அந்தக் கதவைத் திறக்க முடியுமா. கிழவனுக்கு ஏதோ கோளாறு என்பதுபோல் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒரு குளிர்காலம் கழிந்தபின் அவர்களே திரும்பி வந்து காற்றைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள்.

நீங்கள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், ஷெரிஃப். உங்களுக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் அம்மாவின் வாசலோரம் இருக்கும் மஞ்சள் பூ விடும் கரன்ட் பழப்புதர்கள் நான் வைத்தவை. இத்தனை வருடமாகியும் ஒன்றுகூடச் சாகவில்லை என்று போன மாதம் தேவாலயத்தில் சொன்னார்.

இந்த மண்ணில் ஒரு செடி குளிரால் சாவதில்லை. மக்கள் அப்படி நினைக்கிறார்கள். டென்வர் பக்கத்துக் கடைகளில் பளபளவென்று இலை விட்டிருக்கும் செடியை ஆசையாக வாங்கி வந்து வைப்பார்கள். பிப்ரவரியில் அது கருகிவிடும். குளிர் தாக்கிவிட்டது என்பார்கள். உண்மையில் அது தாகத்தில் செத்திருக்கும். மேலே வெயிலும் காற்றும் இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கீழே வேர் உறைந்த மண்ணில் ஒரு சொட்டு கிடைக்காமல் கிடக்கும். வெளியே பார்த்தால் பச்சையாகத்தான் தெரியும். வசந்தம் வந்தபிறகுதான் அது எப்போதோ செத்துப்போனது என்று தெரியவரும்.

டக்கர் பிங்காம் இறந்ததை விபத்து என்று நீங்கள் எழுதி முடித்துவிட்டீர்கள். பனிப்புயலில் வழி தவறினான் என்று. அன்று நீங்கள் வந்து கேட்டபோது, காய்ச்சல் மருந்து போட்டுக்கொண்டு தூங்கிவிட்டேன், எதுவும் தெரியாது என்று சொன்னேன். அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். ஆனால் செடிகளிலிருந்து ஆரம்பிக்காமல் அதைச் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெல்லாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும், பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு ஒரு வகுப்பு கீழே. எங்களுக்கு ஒரே பெண். பத்தொன்பது வயதில், ஒரு நவம்பர் வெள்ளிக்கிழமை, டக்கரோடு நடனத்துக்குப் போனாள். திரும்பி வரும்போது ஓடை வளைவில் அவனுடைய பிக்கப் வண்டி வழுக்கி உருண்டது. அவனுக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது. டெல்லா மருத்துவமனைவரைக்கும் உயிரோடு வரவில்லை.

அவன் இரண்டு பீர் குடித்திருந்தான். அதை அவனே ஒத்துக்கொண்டான். ரத்தப் பரிசோதனையில் சட்டம் அனுமதித்த அளவுக்குக் கீழேதான் இருந்தது. சாலை முழுக்க ஐஸ், யார் ஓட்டியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று சாட்சி சொன்னார்கள். நீதிபதி நல்ல மனிதர். என்னையும் என் மனைவி நேடீனையும் பார்த்து மிகவும் வருத்தப்பட்டுத்தான் சொன்னார், வானிலையைக் கூண்டில் ஏற்ற முடியாது என்று.

அந்த வாக்கியம் எனக்குள் தங்கிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது என்று நினைக்காதீர்கள். தொழில் தெரிந்தவன் எங்கேயோ கேட்ட ஒரு நல்ல யோசனையை எடுத்து வைத்துக்கொள்வதுபோல அதை எடுத்து வைத்துக்கொண்டேன்.

அடுத்த வசந்தத்தில் டக்கர் எங்கள் வீட்டுக்கு வந்தான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றான்.

"மிஸ்டர் ஸ்ட்ரௌட், திட்டணும்னா திட்டுங்க. அடிக்கணும்னா அடிங்க, வாங்கிக்கறேன். பேசாம மட்டும் இருக்காதீங்க, தாங்க முடியல."

"காத்து அடிக்குது. தொப்பியப் போட்டுக்க," என்றேன்.

நேடீன் வெளியே வந்து அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். ஆப்பிள் பை சுட்டிருந்ததை வெட்டி முன்னால் வைத்தாள். அவன் அழுதுகொண்டே சாப்பிட்டான். அழுகையோடு சாப்பிடுகிறவனைப் பார்ப்பது சங்கடமான விஷயம். நான் எழுந்து நாற்றுக்கூடத்துக்குப் போய்விட்டேன்.

அதன்பிறகு அவன் குடிக்கவே இல்லை. இலையுதிர்காலம் வந்தால் கேட்காமலேயே வந்து எங்களுக்கு விறகு வெட்டி அடுக்கிவிட்டுப் போவான். கூரையில் தகரம் பறந்தால் ஏணியோடு வந்து நிற்பான். நேடீனுக்கு அவன் ஒரு மகன் மாதிரி ஆகிவிட்டான். நானும் அவனோடு நன்றாகத்தான் பேசினேன். பெயர் சொல்லியே கூப்பிடு என்று நான்தான் சொன்னேன். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள், மன்னிப்பு என்றால் இதுதான் என்று சொன்னார்கள். பாதிரியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில்கூடச் சொன்னார், பெயர் சொல்லாமல்.

சில வருடங்கள் கழித்து டக்கர் நெப்ராஸ்காவிலிருந்து ஜானெலைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தான். அவன் அப்பா எங்கள் வீட்டுக்குக் கிழக்கே இருந்த மேய்ச்சல் நிலத்தை அவனுக்குக் கொடுத்தார். அங்கே வீடு கட்டினார்கள். மேற்கிலிருந்து வரும் காற்று எங்கள் வீட்டைத் தாண்டி, வெட்டவெளியில் வேகம் எடுத்து, நேராகப் போய் அவர்கள் சுவரில் மோதும். முதல் குளிர்காலம் முடிந்ததும் இரண்டு பேரும் என் பண்ணைக்கு வந்தார்கள்.

"எங்க ஊர்ல காத்து வரும், போகும்," என்றாள் ஜானெல். "இங்க என்னடான்னா குடியே இருக்குது. வாடகைதான் குடுக்கல."

"அது நின்னுட்டா நாமெல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு விழுந்துடுவோம்," என்றான் டக்கர். "ஆர்லன், வீட்டுக்கு ஒரு தடுப்பு வேணும். நீங்க என்ன சொல்றீங்களோ அதான்."

"எனக்கு லைலாக் வேணும்," என்றாள் அவள். "ஜன்னலத் தொறந்தா வாசனை வரணும்."

"இங்க ஜன்னலத் தொறந்தா முதல்ல ஜன்னல்தான் போகும்," என்றேன்.

இருவரும் சிரித்தார்கள். "நீ பேசாம அவர் பேச்சக் கேளு," என்று டக்கர் அவள் தோளில் தட்டினான்.

உண்மையைச் சொன்னால், லைலாக் இந்த ஊரில் அருமையாக வரும். குளிரும் வறட்சியும் அதை ஒன்றும் செய்யாது. நான் பொய் சொல்லவில்லை. பேச்சை ஜன்னல் பக்கம் திருப்பினேன், அவ்வளவுதான். லைலாக் அடியில் வெறும் குச்சியாக நிற்கும். குளிர்காலத்தில் இலையும் இருக்காது. அதனால்தான் வேண்டாம் என்றேன்.

புதர் காற்றை நிறுத்துவதில்லை, ஷெரிஃப். காற்றின் பிடியைத் தளர்த்துகிறது. பிடி தளர்ந்தால் அது தூக்கிவந்த பனியைக் கீழே போட்டுவிடும். எங்கே போடும் என்பது நாம் வைக்கும் செடியைப் பொறுத்தது. அடி மெலிந்த செடி என்றால் இடுக்கு வழியாகக் காற்று நுழைந்து, பனியை வெகு தூரத்துக்கு மெல்லிசாகப் பரப்பிக்கொண்டே போகும். ஜூனிபர் அப்படியில்லை. தரையிலிருந்தே அடர்த்தி. குளிர்காலத்திலும் பச்சை. நெருக்கி வைத்தால் சுவர்தான். பனியை எல்லாம் தன் காலடியிலேயே மேடாகக் குவித்துவிடும். அதனால் அதை வீட்டிலிருந்தும் பாதையிலிருந்தும் நன்றாகத் தள்ளி, வயலுக்கு நடுவே வைக்க வேண்டும். பனி புல்லின் மேல் விழுந்து யாருக்கும் தொந்தரவில்லாமல் கிடக்கும். இந்தத் தொழிலில் முதல் வருடமே இது தெரிந்துவிடும்.

டக்கரின் வீட்டிலிருந்து வெளியே போக ஒரே பாதைதான். வீட்டுக்கு மேற்கே, வடக்கு தெற்காக ஓடி, எங்கள் வாசல் பக்கமாக வளைந்து பெரிய சாலையில் சேரும். நான் ஜூனிபர்களை அந்தப் பாதையின் ஓரத்திலேயே, மேற்குப் பக்கமாக, நெருக்கமாக வைத்தேன்.

"ரோட்டுக்கு இவ்ளோ பக்கத்துலயா?" என்று டக்கர் கேட்டான். சந்தேகத்தோடு இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசையில்.

"முதல் ரெண்டு மூணு வருஷம் தண்ணி ஊத்தணும்ல. குழாய் எட்டுற தூரத்துல இருக்கட்டும்."

"அதுவும் சரிதான்," என்றான்.

செடிகள் என்னுடைய கல்யாணப் பரிசு. குழி வெட்டி, வைத்து, மண் அணைத்தது எல்லாம் நானே. டக்கர் வாளியோடு பின்னால் வந்துகொண்டிருந்தான். நடுவில் ஒரு தடவை நிறுத்தி, "டெல்லா இருந்தா இதெல்லாம்..." என்று ஆரம்பித்தான். அப்புறம் அவனே வாயை மூடிக்கொண்டான். நான் அடுத்த குழிக்கு நகர்ந்தேன்.

அன்று சாயங்காலம் நேடீன் எங்கள் சமையலறை ஜன்னலருகே நின்று அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னோடு சேர்ந்து வாழ்நாள் முழுக்கச் செடி விற்றவள் அவள்.

"ஆர்லன், அது ரொம்பப் பக்கம்," என்றாள்.

"தண்ணிக்காக."

"வளந்ததும் பனி முழுக்க ரோட்டு மேலதான விழும்?"

"விழுந்தா என்ன, நான் இருக்கேன்ல. டிராக்டர எடுத்துட்டுப் போய் தள்ளிவிடறேன்."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டுகளை எடுத்து வைத்தாள். அதைப் பற்றி அவள் மறுபடி பேசவே இல்லை. அவளுக்கு என்ன தெரிந்திருந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் எனக்கு நல்லவனாக இருக்க ஒரு வாய்ப்பு கொடுத்தாள் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டேன்.

ஜூனிபர் மெதுவாக வளரும். வருடத்துக்கு ஒரு சாண் வளர்ந்தால் அதிகம். அந்தச் செடிகளைப் பார்த்துக்கொண்டதுபோல் என் வாழ்க்கையில் வேறெந்தச் செடியையும் பார்த்துக்கொண்டதில்லை. முதல் குளிர்காலங்களில் சாக்குத்துணி சுற்றிவிட்டேன். மான்கள் கடிக்காமல் கம்பி வலை போட்டேன். பட்டுப்போனதைப் பிடுங்கிவிட்டு, இடைவெளி விழாமல் உடனே வேறு வைத்தேன். ஜானெல் எல்லோரிடமும் சொல்வாள், எங்களுக்கு இப்படி ஒரு பக்கத்து வீட்டுக்காரர் கிடைக்க என்ன புண்ணியம் செய்தோமோ என்று.

ஆரம்பத்தில் பாதையில் கணுக்காலளவு பனி நின்றது. பிறகு முழங்கால். செடிகள் என் தோளுயரம் வந்த வருடம், டக்கரின் பிக்கப் வண்டி முகப்பு விளக்குவரை புதைந்தது. நான் டிராக்டரோடு போய்ப் பாதையைத் திறந்துவிட்டேன். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் போனேன். என் கையால் மூடியதை என் கையாலேயே திறந்துகொடுத்தேன். அவர்கள் அதற்கு எனக்கு கேக் செய்து அனுப்பினார்கள். அவர்கள் மகள் போனி வாசலில் நின்று, "ஆர்லன் தாத்தா, உங்க டிராக்டர் பனியத் தின்னுதா?" என்று கேட்பாள். பசித்தால் தின்னும் என்பேன்.

வீட்டைப் பொறுத்தவரை அந்த வரிசை அற்புதமாக வேலை செய்தது. இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். சுவரில் காற்று மோதுவது நின்றது. ஜானெல் வாசலில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார முடிந்தது. பாதையை மட்டும் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ஊரில் பனி பாதையை மூடுவது ஒரு செய்தியா என்ன?

நான் கெட்டவன் இல்லை என்று எனக்குக் காட்டிக்கொள்ள ஒரு சம்பவம் வைத்திருந்தேன். போனி பிறந்தபோது பிப்ரவரி. ஜானெலுக்கு வலி எடுத்தது என்று போன் வந்ததும் நான் டிராக்டரைக் கிளப்பினேன். பாதையைத் திறந்து, பெரிய சாலைவரை அவர்கள் வண்டிக்கு முன்னாலேயே போனேன். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்லலாம் என்று மனதில் வைத்திருந்தேன். அன்று நேடீன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் என்பதைச் சேர்த்துக்கொள்ள மறந்துவிடுவேன்.

நேடீன் புற்றுநோயில் போனாள். கடைசி வாரங்களில் ஜானெல்தான் குளிப்பாட்டினாள். டக்கர் சவப்பெட்டியைத் தூக்கினான், என் பக்கத்துக் கைப்பிடியை. அதற்கப்புறம் டிராக்டரில் நான் தனியாகத்தான் போனேன்.

இந்த வருடம் பிப்ரவரியில் எனக்கு நிமோனியா வந்தது. டக்கர்தான் என்னைத் தூக்கி வண்டியில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். திரும்பி வந்தபிறகு ஜானெல் தினமும் சூப் கொடுத்தனுப்பினாள். கொஞ்சம் தேறியதும் மெர்ல் நடத்தும் தீவனக் கடைக்குப் போனேன். அங்கே டக்கர் இருந்தான்.

"பாரு, சாவே வேணாம்னு திருப்பி அனுப்பிடுச்சு," என்றான் மெர்ல் என்னைப் பார்த்து. "அவ்ளோ கசப்பு இந்த ஆளு."

டக்கர் சிரித்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆர்லன், வர்ற கோடையில ரோட்டைத் தெக்குப் பக்கமா மாத்திடலாம்னு இருக்கேன். அங்க பனி நிக்காது. ஒவ்வொரு தடவையும் இந்த வயசுல நீங்க டிராக்டர்ல ஏறி இறங்க வேணாம். எனக்குத்தான் மனசு கேக்கல," என்றான்.

நல்ல யோசனை என்று சொன்னேன். காப்பியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். வீட்டுக்கு வரும் வழியில் வண்டியை நிறுத்தி அந்த வரிசையைப் பார்த்தேன். இப்போதுதான் அது முழு உயரத்துக்கு வந்திருந்தது. அடியிலிருந்து நுனிவரை ஓர் இடுக்குகூட இல்லை. இத்தனை நல்ல வரிசையை நான் இன்னொரு முறை உருவாக்கப்போவதில்லை என்று நினைத்தேன்.

மார்ச்சில் அந்தப் புயல் வந்தது. உங்களுக்கே தெரியும், பனி பெய்வது விடியற்காலையிலேயே நின்றுவிட்டது. வானம் நீலமாக இருந்தது, வெயில்கூட அடித்தது. ஆனால் காற்று எழுந்து தரையில் கிடந்த பனியை எல்லாம் கிளப்பியது. தலைக்கு மேலே பார்த்தால் நல்ல நாள். இடுப்புக்குக் கீழே வெள்ளை ஆறு ஓடுவதுபோல் ஓடிக்கொண்டிருந்தது. சில நிமிடம் எல்லாம் மறையும், சில நிமிடம் விலகும்.

காலைச் சாப்பாட்டின்போது போன் அடித்தது. யார் என்று தெரியும். பாதையைத் திறந்துவிடச் சொல்வார்கள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. நான் காப்பி ஊற்றிக்கொண்டு கிழக்கு ஜன்னலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மூன்றாவது முறையும் அடித்தது. அதுவும் நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து ஓர் உருவம் தெரிந்தது. ஆரஞ்சு நிறக் கோட்டு. பாதையில் வந்துகொண்டிருந்தான். முதலில் முழங்கால்வரை, பிறகு இடுப்புவரை. மேலே கெட்டியாகத் தெரியும் பனி, கால் வைத்ததும் உள்ளே வாங்கிவிடும். அவன் விழுவதும் எழுவதுமாக இருந்தான். வரிசையின் கடைசிவரை வந்துவிட்டான். அங்கிருந்து என் கதவு தூரமில்லை. உரக்கக் கூப்பிட்டால், காற்று இல்லாத நாள் என்றால், கேட்கும்.

பிறகு வெள்ளை வந்து எல்லாவற்றையும் மூடியது.

மறுநாள் மதியம், காற்று ஓய்ந்தபிறகுதான், சாலைப் பணியாளர்கள் அவனைக் கண்டுபிடித்தார்கள். ஜூனிபர்களின் அடியில் ஒண்டியிருந்தான். வியர்வையில் நனைந்த உடம்போடு, களைத்துப்போய், காற்று படாத இடம் தேடி அங்கே ஒதுங்கியிருக்கிறான். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். பனி விழுகிற இடமும் அதுதான். அவன் முகம் அவனுடைய வீட்டைப் பார்த்து இருந்தது. என் வீட்டுக்கு உதவி கேட்க வந்தவன் திசை தவறிவிட்டான் என்று நீங்கள் எழுதினீர்கள். பக்கத்தில் நின்ற யாரோ, பாவம், வானிலையை யார் என்ன செய்ய முடியும் என்றார்கள். நான் அந்த வார்த்தைகளுக்காகப் பல வருடம் காத்திருந்தவன். கேட்டபோது என்னவோ வாய் உலர்ந்துபோனது, அவ்வளவுதான்.

நேற்று ஜானெல் வந்தாள். அடக்கம் முடிந்து இத்தனை நாளில் முதல் முறையாக. ஒரு பாத்திரத்தில் மாமிசமும் உருளைக்கிழங்கும் வேகவைத்துக் கொண்டுவந்திருந்தாள். கணவனைப் பறிகொடுத்தவள் எனக்குச் சமைத்து எடுத்து வருகிறாள். மேசையில் வைத்துவிட்டு, கோட்டைக் கழற்றாமலேயே உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், ஆர்லன். ஷெரிஃப்கிட்ட நான் சொல்லல. சொன்னா உங்களுக்குத்தான் கஷ்டமா இருக்கும்னு விட்டுட்டேன்."

"சொல்லு."

"அவர் ரோட்டுக்காக வரல. எங்களுக்கு வெளிய போக ஒரு வேலையும் இல்ல அன்னிக்கு. மூணு தடவ போன் பண்ணோம், நீங்க எடுக்கல. நிமோனியா திரும்பிடுச்சோ, விழுந்து கிடக்கறீங்களோன்னு பயந்துட்டார். நான் வேணாம்னுதான் சொன்னேன். 'நேடீன் இருந்தா என்னைத்தான அனுப்பியிருப்பாங்க'ன்னு சொல்லிட்டுக் கிளம்பினார்."

பாத்திரத்தை என் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"கையில வாக்கி டாக்கி வச்சிருந்தார். அங்கேருந்து என்கிட்ட பேசினார். 'ஆள் நல்லாத்தான் இருக்கார் ஜானெல், ஜன்னல்கிட்ட உக்காந்திருக்கார். தூக்கம் வருது போல, திரைய மூடிக்கிட்டார். எழுப்ப வேணாம், நான் திரும்பி வரேன்'னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். அதுக்கப்புறம் பேசல."

அவள் அழுதாள். அழுகையை நிறுத்திக்கொண்டு என் கைமேல் கை வைத்தாள்.

"நீங்க மனசுல எதையும் வச்சுக்காதீங்க. உள்ள இருந்து பாத்தா வெயில்ல பனி கண்ணக் கூசும், வெளிய எதுவும் தெரியாது. நீங்க அவரப் பாத்திருக்கவே முடியாது. எனக்குத் தெரியும்."

போகும்போது, பாத்திரத்தை அவசரமாகத் திருப்பித் தர வேண்டாம் என்றாள். நான் அந்த மேசையருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. காலையில் முகச்சவரம் செய்துகொண்டு நேராக இங்கே வந்தேன்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள். வழக்குப் போட ஒன்றும் இல்லையே என்று யோசிக்கிறீர்கள். செடி வைத்ததற்குச் சட்டம் கிடையாது. போன் எடுக்காததற்கும் கிடையாது. திரையை மூடியதற்கும் இல்லை. எனக்கு அது தெரியும். அப்படித்தான் அந்தச் செடியையும் அந்த இடத்தையும் தேர்ந்தெடுத்தேன். ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதிக்கொள்ளுங்கள். ஜானெலுக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்குத் தைரியம் இல்லை.

ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரிந்தது. அவன் இடுப்புவரை பனியில் நின்று, ஜன்னலில் என்னைக் கண்டதும் கையை உயர்த்தி ஆட்டினான். காப்பாற்றச் சொல்லி ஆட்டுகிறான் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்துத்தான் எழுந்து திரையை இழுத்து மூடினேன். கதவுப் பக்கத்தில் என் கோட்டு தொங்கியது. டிராக்டரில் டீசல் இருந்தது. மூடிய திரைக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து மிச்சக் காப்பியைக் குடித்தேன்.

இத்தனை வருடமும் டெல்லாவுக்காக என்றுதான் எனக்கு நானே சொல்லிவந்தேன். நேற்று ஜானெல் போனபிறகு அந்தக் காலையை ஆரம்பத்திலிருந்து நினைத்துப் பார்த்தேன். விழித்ததிலிருந்து திரையை மூடியதுவரை. அந்த வரிசை பனியை எவ்வளவு அழகாகப் பிடித்துக் குவிக்கிறது என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஷெரிஃப். டெல்லாவின் நினைப்பு எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை.